சந்தேகத்துக்கு ஆட்டோ சார்ஜ் தனி

மலேசியாவில் ஹலால் என்பது ஒரு முத்திரை. ஜாக்கிம் என்கிற அரசுத் துறை கொடுக்கிற வட்ட முத்திரை. பிஸ்கட் பாக்கெட்டிலிருந்து ஓட்டல் வாசல்வரை ஒட்டியிருக்கும். எங்கள் மதுரையில் ஹலால் என்பது ஒரு ஆள். கைலி கட்டிக்கொண்டு, தராசுக்குப் பின்னால் நின்று, "எலும்போடவா, தனிக்கறியா?" என்று கேட்கிற ஆள். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு பார்க்கப் பினாங்கிலிருந்து வந்த என் மச்சானுக்கு இந்த வித்தியாசம் பிடிபடுவதற்குள் பொங்கலே முடிந்துவிட்டது.

மச்சான் இரண்டு நிபந்தனைகளோடு வந்திறங்கினார். வாயில் வைப்பது ஹலாலாக இருக்க வேண்டும். பையிலிருந்து போவது குறைவாக இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையை அவர் ஒழுங்காகத்தான் தொடங்கினார். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு மலிவு விமானம், திருச்சியிலிருந்து மாட்டுத்தாவணிக்கு அரசு பஸ். கூட வந்த என் அக்காவுக்கு இடுப்பு வலி, அவருக்கு லாபம்.

பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜ் பிடித்தோம். காஜிமார் தெருப் பள்ளிவாசல் நடக்கிற தூரம். பாங்கு சத்தம் ஜன்னல் வழியாகவே வரும். அறைக்குள் நுழைந்ததும் மச்சான் முதலில் விட்டத்தைப் பார்த்தார். அவர் ஊர் ஓட்டல்களில் கிப்லாவுக்கு அங்கே அம்புக்குறி ஒட்டியிருப்பார்களாம். இங்கே விட்டத்தில் பல்லி இருந்தது. செல்போனை எடுத்து ஒரு ஆப்பைத் திறந்தார். அது குளியலறையைக் காட்டியது.

"மச்சான், கோயிலுக்கு மேல மாசி வீதி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். கொஞ்சம் வடக்கே சாய்ஞ்சு நில்லுங்க, போதும்" என்றேன். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதி போட்டவர்கள், மேல, கீழ, தெற்கு, வடக்கு என்று திசையையும் சேர்த்தே பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பேட்டரி தீர்ந்தாலும் மதுரையில் ஒரு முஸ்லிம் திசை தவறித் தொழ வழியில்லை. மச்சானோ ஆப் சொன்னால்தான் நம்புவேன் என்று நின்றார். அஸர் தாமதமானது.

சாப்பாட்டுக் கதைக்கு வருவோம். மதுரையில் மலிவும் ஹலாலும் ஒரே தட்டில் கிடைக்கிற இடம் அம்மா உணவகம். இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். கறி என்ற பேச்சே இல்லாததால் கேள்விக்கும் இடமில்லை. ஒரு ரிங்கிட்டை மாற்றினால் ஏறக்குறைய இருபது இட்லி. இந்தக் கணக்கைச் சொன்னதும் மச்சான் கண்ணில் ஒளி வந்தது. சாம்பாரைப் பார்த்ததும் சந்தேகமும் வந்தது. "மாப்ளே, இதுல என்ன போடுவாங்க?" பருப்பு போடுவார்கள் என்றேன். "வேற?" தண்ணீர் போடுவார்கள் என்றேன்.

கடைப் பாக்கெட்டுகளுக்கு எங்கள் நாட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறது. சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் மாமிசமோ விலங்குக் கொழுப்போ ஜெலட்டினோ உள்ளே இல்லை. சைவக்காரர்களுக்காகப் போட்ட புள்ளிதான். நமக்கும் பாதி வேலையை இலவசமாகச் செய்துகொடுக்கிறது. மச்சான் அதை ஏற்கவில்லை. "புள்ளி இருக்கு, முத்திரை எங்கே?" என்றார். ஆகவே எதிர் வரிசையில் இருந்த சைவ ஓட்டலைத் தாண்டி, ஆட்டோ பிடித்து நெல்பேட்டைக்குப் போய்ப் பிரியாணி சாப்பிட்டோம். பிரியாணி ஹலால், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆட்டோக்காரர் சொன்ன ரேட்டைப் பற்றித்தான் ஆலிம்களிடம் கேட்க வேண்டும்.

மறுநாள் மச்சான், மதுரைக்கு வந்து மெஸ்ஸில் சாப்பிடாமல் போனால் பினாங்கில் மானம் போகும் என்றார். அங்கே உண்மையாகவே ஜாக்கிரதை வேண்டும். கறி பாய் கடையிலிருந்து வந்திருக்கலாம்; ஆனால் மதுரை மெஸ்ஸில் ரத்தப் பொரியலும் உண்டு. ரத்தம் நமக்கு ஆகாது. அது வெந்த கல்லிலேயே கறி தோசை வார்த்தால் என்ன செய்வது? எனவே உள்ளூர்க்காரன் போர்டைத் தேடமாட்டான், கல்லுப் பக்கம் போய் மாஸ்டரிடம், "அண்ணே, ரத்தம் தனிக் கல்லா?" என்று கேட்பான். "தனிச் சட்டிண்ணே" என்றார் மாஸ்டர். எனக்கு அது போதும். மச்சானுக்குப் போதவில்லை. மீனுக்கு அறுப்பு கிடையாது என்பதால் அயிரை மீன் குழம்போடு சமாதானம் ஆனார். பிறகு பக்கத்து இலையில் நண்டு ஆம்லெட்டைப் பார்த்தார். அவர் ஷாஃபி, அவர்கள் ஊரில் கடல் நண்டு கூடும். நாங்கள் ராவுத்தர்கள், ஹனஃபி. எங்களுக்கு நண்டு கூடாது. சாம்பாரைச் சந்தேகப்பட்டவர் நண்டு ஆம்லெட்டைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றார். ஹலாலுக்குக் கேரண்டி கொடுத்த நான் ரசம் ஊற்றிக்கொண்டேன். பில் என்னுடையது.

விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. மச்சான் கிளாசைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இந்தக் கொழகொழப்பு ஜெலட்டின்தானே?" பாதாம் பிசின் மரத்தில் வடிவது, கடல் பாசி கடலில் விளைவது, நன்னாரி வேரில் எடுப்பது என்று வரிசையாகச் சொன்னேன். கடைக்காரர் தம் பங்குக்கு, "பாய், நானும் பாய்தான் பாய்" என்றார். மச்சான் குடித்தார். அக்காவுடையதையும் குடித்தார்.

காணும் பொங்கலன்று அலங்காநல்லூர். டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கும் அது உண்டா என்று மச்சான் கண்டக்டரிடம் கேட்டார். "பொம்பளையாளுதான? ஏறச் சொல்லுங்க" என்றார் கண்டக்டர். அக்கா இலவசமாகவும் மச்சான் வருத்தமாகவும் பயணம் செய்தார்கள். வழியில் சிக்கந்தர் சாவடி என்ற பெயரைப் பார்த்ததும், "இங்கே இறங்குவோமா? கண்டிப்பா ஹலால் கடை இருக்கும்" என்று எழுந்துவிட்டார். ஊர்ப்பெயர் உணவுச் சான்றிதழ் ஆகாது என்று சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

சர்க்கரை ஆலை ஓடிய காலத்தில் என்னோடு வேலை பார்த்த நண்பர் வீட்டு மாடியில் இடம். பக்கத்துக் கீழக்கரையில் 2024இல் திறந்த புதிய ஜல்லிக்கட்டு அரங்கம் இருக்கிறது. ஆனாலும் காணும் பொங்கல் ஜல்லிக்கட்டு ஊருக்குள், முனியாண்டி கோயில் பக்கத்து வாடிவாசலில்தான். மாடியில் புழுதியும் மைக் சத்தமும் மேலே ஏறி வந்தன. ஒவ்வொரு மாட்டுக்கும் அறிவிக்கிற அண்டா, சைக்கிள், கட்டில் பரிசுகளை மச்சான் ரிங்கிட்டில் மாற்றிக்கொண்டிருந்தார்.

மதியம் இலை போட்டார்கள். கோழிக் குழம்பு வந்தது. மச்சான் என் காதில், "சாமிக்கு வெட்டினதா?" என்றார். கிசுகிசுப்பதாக அவர் நினைத்துக்கொண்டார். நண்பரின் அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

"சாமிக்கு வெட்டுனது எங்களுக்குத்தேன் தம்பி, தனிச் சட்டியில கெடக்கு. ஒங்களுக்குக் கறிக்கடை பாய்ட்ட அறுத்து வாங்குனது. கரண்டி கூட வேறதேன்."

மச்சான் அப்போதும் விடவில்லை. அந்தப் பாயிடம் ஏதாவது சர்டிபிகேட் இருக்கிறதா என்று இழுத்தார்.

"எங்கிட்ட இருக்குல்ல" என்று உள்ளே போய், முனை மடங்கிய கடன் நோட்டைக் கொண்டுவந்து போட்டார் அந்த அம்மா. தேதி, எடை, ரூபாய், கீழே பாயின் கையெழுத்து. "பொய் சொல்ற ஆளுட்டயா இம்புட்டு வருசம் கடன் வாங்குவேன்?" கேள்வியில் இருந்த நியாயம் மச்சானுக்கு முழுதாகப் புரிந்ததோ இல்லையோ, கையெழுத்து இருந்தது. மலேசியாக்காரர் கையெழுத்துக்குக் கட்டுப்படுவார். மூன்று தடவை குழம்பு வாங்கினார்.

அன்று இரவு லாட்ஜில் செலவுக் கணக்குப் பார்த்தோம். சாப்பாடு கொஞ்சம், பஸ் சில்லறை, மீதியெல்லாம் ஆட்டோ. ஹலால் உணவு மதுரையில் மலிவு. ஹலாலா என்ற சந்தேகம்தான் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஏறுகிறது.

அடுத்த பயணத்துக்கு இதைவிடச் சிக்கனமான திட்டம் ஒன்று போட்டுக் கொடுத்தேன். 2030இல் ரமலான் ஜனவரி முதல் வாரத்திலேயே பிறந்துவிடும். காணும் பொங்கல் நோன்புக்குள் வரும். பகலில் ஒரு காசு செலவில்லை, எந்தக் குழம்பையும் விசாரிக்க வேண்டாம். மஃரிபுக்குப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி இலவசம், வடையோடு. இதைவிட ஹலாலாகவும் மலிவாகவும் மதுரையைச் சுற்ற முடியாது.

மச்சான் நெடுநேரம் யோசித்தார்.

"நல்ல திட்டம்தான் மாப்ளே. ஆனா பயணிக்கு நோன்புல சலுகை இருக்கே. மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கே போறது?"