சிதம்பர ரகசியமும் சிபிஎஸ் கணக்கும்

2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்கு வந்த ஆசிரியர்களுக்கு நம் அரசு ஒரு தண்டம் விதித்தது. அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பத்து சதவீதம் மாதாமாதம் பிடித்தம். பெயர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், சுருக்கமாக சிபிஎஸ். குற்றம்? தாமதமாகப் பிறந்துவிட்டார்கள்.

பிடித்த பணம் எங்கே என்று கேட்கிறவர் தில்லைக்குப் போய்ச் சேவித்துவிட்டு வரட்டும். அங்கே திரையை விலக்கினால் தங்க வில்வ மாலையாவது தொங்கும். சிபிஎஸ்ஸில் திரையை விலக்கினால் ஒரு கணக்குச் சீட்டு. அதிலும் நாலு மாதப் பிடித்தம் விடுபட்டிருந்தால், பள்ளி கருவூலத்தைக் கைகாட்டும். கருவூலம் சென்னையைக் கைகாட்டும்.

2004-இல் புவனகிரிப் பக்கம் வேலைக்குச் சேர்ந்த ஓர் இடைநிலை ஆசிரியையை நினைத்துப் பாருங்கள். தொகுப்பூதியம் 3,000 ரூபாய். காலமுறை ஊதியம் 2006 ஜூனில்தான் வந்தது. மகள் கல்யாணத்துக்குச் சேமநல நிதியில் முன்பணம் எடுத்தார் பக்கத்து மேசை சீனியர். இவருக்கு சிபிஎஸ்ஸில் ஒரு பைசா கடன் கிடையாது. 2026-க்கு முன்பு வரை சிபிஎஸ் விதி இதுதான்: ஓய்வு பெற்றதும் மொத்தத் தொகை வட்டியோடு கைக்கு வரும், அத்தோடு சரி. மாத ஓய்வூதியம் இல்லை. பணம் விழுந்த வாசனை அறிந்து வங்கிக்காரர் பாலிசியோடு வருவார், தூரத்துச் சொந்தம் மாதம் இரண்டு வட்டி தரும் ஃபைனான்ஸோடு வரும். நாற்பது பிள்ளைகளுக்குக் கூட்டுவட்டி சொல்லிக்கொடுத்தவரிடமே கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

ஆசிரியர்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வெயிலில் நின்று கோஷம் போட்டதற்கு அரசு சும்மா இருந்ததா? 2016-இல் இதை ஆராயக் குழு போட்டது. 2018-இல் அறிக்கை வந்தது, படுத்துக்கொண்டது. 2019 ஜனவரியில் வேலைநிறுத்தம் செய்தவர்களுக்குக் கைதும் பணியிடை நீக்கமும் கிடைத்தன. 2021-இல் பழைய ஓய்வூதியம் திரும்பும் என்றது தி.மு.க. தேர்தல் அறிக்கை. ஆட்சிக்கு வந்து நாலாவது வருஷம், 2025-இல், இன்னொரு குழு. தேர்தல் வாசலுக்கு வந்த பிறகு, 2026 ஜனவரியில், கடைசிச் சம்பளத்தில் பாதி உறுதி என்று ஒரு புதுத் திட்டம். பிடித்தம் மட்டும் அதே பத்து சதவீதம். பழைய திட்டத்தில் ஓய்வூதியத்துக்கென்று காலணா பிடித்ததில்லை.

ஆசிரியருக்கு அள்ளிக் கொடுத்தால் கஜானா காலியாகிவிடும் என்று கவலைப்படுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரே ஒரு தடவை ஜெயித்துச் சட்டமன்றத்தில் உட்கார்ந்தவருக்கும் மாத ஓய்வூதியம் உண்டு. அதற்காக அவரிடம் பத்து சதவீதம் பிடிப்பதில்லை.