ஆறு பேருக்கு ஓர் அண்ணன்

பொறியியல் கல்லூரியில் மென்டர் ஆகத் தனித் தகுதி எதுவும் வேண்டியதில்லை. ஹெச்.ஓ.டி. ஒரு தாளை நீட்டி, "செகண்ட் இயர்ல யாராவது பேர் குடுங்கப்பா" என்னும்போது வகுப்பில் இருந்தால் போதும். அன்று மட்டம் போட்டிருந்தால் இன்னும் உத்தமம். நண்பர்களே உங்கள் பெயரை முதலில் எழுதிவிடுவார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிமுறைகள் கணக்கைத் தெளிவாகப் போட்டு வைத்திருக்கின்றன. புதிய மாணவர் 6 பேருக்கு ஒரு மென்டர்; அப்படிப்பட்ட 6 மென்டர்களுக்கு மேலே இன்னொரு மென்டர். ஆக, ஜூனியர் கேட்கும் கேள்வியை நீங்கள் தேர்ட் இயருக்கு அனுப்பலாம், அவர் ஃபைனல் இயருக்கு அனுப்பலாம். கேள்வி படிப்படியாக மேலே ஏறி, "ஆபீஸ்ல கேளு" என்ற பதிலாகப் பத்திரமாகக் கீழே வந்து சேரும்.

முதல் சந்திப்பில் நீங்கள்தான் பேச வேண்டும். "எங்க காலத்துல எல்லாம்..." என்று தொடங்குங்கள். உங்கள் காலம் போன வருடம்தான் என்பதை யாரும் கேட்க மாட்டார்கள். பிள்ளைகள் ஏற்கெனவே இண்டக்‌ஷன் புரோகிராம் என்ற பெயரில் மனித விழுமியங்கள் தொடங்கி யோகா வரை எல்லாவற்றையும் கேட்டு, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியிருப்பார்கள். அதை ஆர்வம் என்று எடுத்துக்கொள்ளவும். கடைசியில் "எனி டவுட்ஸ்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் எழுந்துவிட வேண்டும்.

அப்படியும் வராண்டாவில் ஒரு பெண் பின்னாலேயே வந்து, "அண்ணா, போனஃபைட் எங்க வாங்கணும்?" என்பாள். இங்கேதான் சுதாரிக்க வேண்டும். எழுத்து மூலம் விண்ணப்பம், அதில் முதலில் டியூட்டர் கையெழுத்து, அப்புறம் ஹெச்.ஓ.டி., அதன் பிறகுதான் ஆபீஸ்; அங்கே சீல் வைக்கிற அக்கா மதியம் டீக்குப் போனால் திரும்ப நேரமாகும், அதனால் காலையிலேயே போய்விடு; ஸ்காலர்ஷிப்புக்கு ஒன்று, பேங்க் லோனுக்கு ஒன்று என்று சேர்த்தே கேட்டு வாங்கிவிடு. இவ்வளவும் உங்களுக்கு அத்துப்படி, ஏனென்றால் போன வருடம் இதற்காக நீங்கள் நடையாய் நடந்தவர். ஆனால் வாயைத் திறந்துவிடாதீர்கள். இப்படிப்பட்ட சில்லறை விஷயங்களைச் சொன்னால் மென்டருக்கு என்ன மரியாதை? "வாழ்க்கையில எதையும் நாமே தேடிக் கத்துக்கணும்மா" என்று சொல்லிவிட்டு கேன்டீன் பக்கம் நடையைக் கட்டவும்.

அட்டெண்டன்ஸ் பற்றிக் கேட்டால் "பாத்துக்கலாம் விடு" என்பதே மரபு. 75 சதவீதம் வேண்டும், 65-க்கும் 75-க்கும் நடுவில் நின்றால் மருத்துவச் சான்றிதழ் போன்ற தக்க காரணம் காட்ட வேண்டும், 65-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும் என்கிற அண்ணா பல்கலைக்கழக விதியையெல்லாம் எடுத்துச் சொல்லி, சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்தலாமா?

கடைசி பெஞ்சில் ஒருவன் இருப்பான். அரசுப் பள்ளி, 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் வந்தவன். பிளஸ் டூவில் அணிகள் பாடத்தைத் தமிழில் வெளுத்துக் கட்டியவன், இங்கே மேட்ரிசஸ் வகுப்பில் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "அது நீ போட்ட அதே கணக்குதான்டா" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றைப் போட்டுக் காட்டினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வேண்டாம். "யூ மஸ்ட் இம்ப்ரூவ் யுவர் கம்யூனிகேஷன்" என்று ஆங்கிலத்திலேயே அறிவுரை சொல்லவும். அவன் "எஸ்ணா" என்பான். ஒரே அமர்வில் அவ்வளவு முன்னேற்றம்!

ஒரு இடத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். "சும்மா ஒரு இன்ட்ரோ குடு" என்று ஆரம்பிப்பது எங்கே போய் முடியும் என்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். குற்றம் நிரூபணமானால் கல்லூரியிலிருந்தும் நீக்கம். உங்கள் நண்பனே "இன்ட்ரோ" கேட்டாலும் தடுக்க வேண்டியது நீங்கள்தான்.

சரி, விட்ட இடத்துக்கு வருவோம். ராத்திரி ஹாஸ்டல் மாடிப்படியில் போனை வைத்துக்கொண்டு "சாப்பிட்டேம்மா" என்று உடைந்த குரலில் ஒருவன் பொய் சொல்லிக்கொண்டிருந்தால், சத்தமில்லாமல் திரும்பி நடக்கவும். மறுநாள் குரூப்பில் தன்னம்பிக்கை வாசகம் போட்ட சூரிய உதயப் படம் ஒன்று அனுப்பினால் கடமை முடிந்தது. நீல டிக் ஆறும் விழுந்ததா என்று மட்டும் சரிபார்க்கவும்.

செமஸ்டர் முடிவில் மென்டர் சான்றிதழ் தருவார்கள். தலைமைப் பண்பு என்று ரெஸ்யூமேயில் ஏற்றலாம். ஒரே ஒரு சிக்கல்தான் பாக்கி. நவம்பரில் எம்-ஒன் (முதல் செமஸ்டர் கணக்கு) பரீட்சைக்கு ஹாலுக்கு வெளியே ஹால் டிக்கெட்டோடு நிற்கும்போது, உங்கள் ஆறில் ஒருவன் பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்களும் எம்-ஒன்னா?" என்பான். "உங்களையெல்லாம் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்டா" என்று சொல்லவும். பிறகு, பெல் அடிப்பதற்குள் ஐகன் வேல்யூ எப்படிப் போடுவது என்று கடைசி பெஞ்ச் பையனிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளவும்.