ஃபைல்காரர்

பிராகில் ஆரம்பித்து வார்சாவில் முடியும் யூத வரலாற்றுச் சுற்றுலாப் பேருந்து எதில் ஏறினாலும், வழிகாட்டிக்கு நேர் பின் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். எழுபதைத் தாண்டியவர். நியூ ஜெர்சியிலோ டொராண்டோவிலோ பல் டாக்டராகவோ ஆடிட்டராகவோ இருந்து ஓய்வு பெற்றவர். கால்சட்டையில் தேவைக்கு மேல் பைகள், கழுத்தில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. பக்கத்து இருக்கையில் ஒரு தடித்த ஃபைல். அதற்குத் தனி இருக்கை தர முடியாது என்று முதல் நாளே தகராறு வந்திருக்கும். மனைவி தானாக எழுந்து இரண்டு வரிசை பின்னால் போய்விட்டதால் சுமுகமாக முடிந்திருக்கும்.

ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. ஹாம்பர்க் துறைமுகத்தில் பாட்டி ஏறிய கப்பலின் பயணிகள் பட்டியல், போலந்து ஆவணக் காப்பகத்திலிருந்து வரவழைத்த பிறப்புப் பதிவுகள், தாள்மேல் தாள் ஒட்டி நீட்டிக்கொண்டே போன வம்ச விருட்சம் எல்லாம் வரிசையாக வெளியே வரும். விருட்சத்தை முழுதாக விரித்துக் காட்டப் பேருந்தின் நடைபாதை போதாது. அதனால் மதிய உணவு மேசையில் விரிப்பார். சூப் வருகிறவரைதான் அனுமதி.

குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: “எங்கள் குடும்பப் பெயர் வேறு, நியூயார்க் பக்கம் எல்லிஸ் தீவில் இறங்கியபோது அங்கிருந்த அதிகாரி மாற்றி எழுதிவிட்டான்.” இதற்காகவே காத்திருந்தவர்போல ஃபைல்காரர் திரும்புவார். எல்லிஸ் தீவு அதிகாரிகள் யாருடைய பெயரையும் எழுதவே இல்லை; கப்பல் கிளம்பிய துறைமுகத்தில் தயாரான பட்டியலைக் கையில் வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான்; பெயரை மாற்றிக்கொண்டது பின்னாளில் அமெரிக்காவில் கடை வைத்த உங்கள் தாத்தாவேதான் என்று விளக்குவார். அவர் சொல்வது முழுக்க உண்மை. மூன்று தலைமுறையாகப் பாதுகாத்துவந்த குடும்பக் கதையைப் பறிகொடுத்தவர் கிராகூவ் வரும்வரை அவரோடு பேச மாட்டார்.

பிராகின் பழைய யூதக் கல்லறை மைதானத்தில் அவருடைய முழு வீச்சையும் பார்க்கலாம். நெருக்கியடித்துச் சாய்ந்து நிற்கும் சுமார் 12,000 கற்கள். இடம் போதாமல் மண்ணைக் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்திருக்கிறார்கள். சில இடங்களில் 12 அடுக்கு. மிகப் பழைய கல் 1439ஆம் ஆண்டுக்கு உரியது, கடைசி அடக்கம் 1787 என்று வழிகாட்டிப் பெண் சொல்லி மூச்சு வாங்குவதற்குள் இவர் புகுந்துவிடுவார். ஏன் 1787? ஊருக்குள் பிணம் புதைக்கக் கூடாது என்று தடை போட்டவர் பேரரசர் இரண்டாம் ஜோசஃப். யூதர்கள் எல்லாரும் ஜெர்மன் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதே 1787இல் ஆணையிட்டவரும் அவரே. செத்து இருநூறு ஆண்டுக்கு மேலான அந்த மனிதரை, காம்பவுண்டுச் சுவரைத் தள்ளிக் கட்டிவிட்ட பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டுவதுபோலத் திட்டுவார். கோபத்துக்குக் காரணம் உண்டு. அவர் ஆண்ட கலீசியாவில் அரசாங்கத்தில் பதிவு செய்யாமல், மதச் சடங்கோடு மட்டும் கல்யாணம் செய்துகொண்ட யூதர்கள் ஏராளம். அவர்களுடைய பிள்ளைகளை அதிகாரிகள் தாயின் குடும்பப் பெயரில் பதிந்தார்கள். பேரரசின் ஏடுகளின்படி ஃபைல்காரருடைய கொள்ளுத்தாத்தா ஒன்பது பிள்ளைகளைப் பெற்ற பிரம்மச்சாரி.

இதற்குள் குழுவில் பாதிப் பேர் கழிப்பறை தேடிப் போயிருப்பார்கள். வெளியே யூத நகர மன்றக் கட்டடத்தில் எபிரேய எழுத்துகள் பொறித்த ஒரு கடிகாரம் இருக்கிறது. அதன் முட்கள் பின்னோக்கிச் சுற்றும். குழுவிலேயே அவர் ஒருவருக்குத்தான் அது சரியான நேரம் காட்டும்.

பக்கத்திலேயே பிங்காஸ் ஜெப ஆலயம். பொஹீமியா, மொராவியா பகுதிகளிலிருந்து நாஜிகள் கொண்டுபோய்க் கொன்ற ஏறத்தாழ 80,000 யூதர்களின் பெயர்கள் அதன் உட்சுவர் முழுக்கக் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. 1950களில் எழுதினார்கள். 1968க்குப் பிறகு கம்யூனிஸ்ட் அரசு இடத்தைப் பூட்டிவைத்து, எழுத்துகள் அழிந்துபோக, 1990களில் மறுபடி முதலிலிருந்து எழுதினார்கள். ஊர்வாரியாகப் பெயர், பிறந்த தேதி, கடைசியாக உயிரோடு இருந்ததாகத் தெரிந்த தேதி. மற்றவர்கள் அண்ணாந்து பார்த்து, சுவரின் அளவைக் கண்டு திகைத்து, நகர்ந்துவிடுவார்கள். ஃபைல்காரர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு ஒரு மூலையில் தொடங்கி வாசிக்க ஆரம்பிப்பார். வழிகாட்டி கடிகாரத்தைப் பார்ப்பாள். மனைவி வந்து, “நம் ஆட்கள் யாரும் இந்தச் சுவரில் கிடையாதே?” என்பார்.

“சரியாக எழுதியிருக்கிறார்களா என்று யாராவது பார்க்க வேண்டாமா?”

பேருந்து ஓட்டுநர் செக் நாட்டுக்காரர். ஃபைல்காரருக்கும் அவருக்கும் இனப்பகை, மதப்பகை எதுவும் கிடையாது. இருப்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு, ஒரு நாளைக்குப் பொதுவாக ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம் என்பது விதி. எல்லாவற்றையும் வண்டிக்குள் ஒரு கருவி பதிவு செய்துகொண்டே இருக்கும். ஃபைல்காரர் ஒவ்வொரு இடத்திலும் எடுத்துக்கொள்ளும் ‘ரெண்டே நிமிஷம்’ அந்தக் கருவியின் கணக்கில் சேராது. ஓட்டுநரின் முகத்தில் சேரும்.

பிராகிலிருந்து வடக்கே 60 கிலோமீட்டரில் டெரெசின், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த ஊர். அங்கே அடைக்கப்பட்டவர்கள் 1,40,000 பேருக்கு மேல். சுமார் 33,000 பேர் அங்கேயே செத்தார்கள். 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்வையிட வருவதாக இருந்தது. நாஜிகள் வீடுகளுக்கு வண்ணம் அடித்தார்கள், தோட்டம் போட்டார்கள், கூட்டம் தெரியக் கூடாது என்று முந்தின மாதமே 7,500 பேரை ஆஷ்விட்ஸுக்கு ஏற்றி அனுப்பினார்கள். வந்தவர்கள் காட்டிய பாதையிலேயே நடந்து, காட்டியதைப் பார்த்து, நல்லபடியாக அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். இதைக் கேட்கும்போது ஃபைல்காரர் காது மடல் சிவந்துவிடும். “ஒரு ஆளாவது பக்கத்துத் தெருவுக்குள் திரும்பியிருக்க வேண்டாமா? ஒரு கேள்வியாவது?” என்பார். அவரை அங்கே அனுப்பியிருந்தால் நாஜிகளின் நிகழ்ச்சி நிரல் முதல் தெருவிலேயே நாசமாகியிருக்கும் என்பதில் குழுவில் எவருக்கும் ஐயமில்லை. அன்று சாயங்காலம் வரைக்கும் யாரும் அவரைப் பார்த்துப் பெருமூச்சு விட மாட்டார்கள்.

கிராகூவில் கஷிமியேஷ் என்ற பழைய யூதப் பேட்டை. தெருவெல்லாம் பேட்டரி வண்டிகள். ஆஷ்விட்ஸையும் வியெலிச்கா உப்புச் சுரங்கத்தையும் ஒரே நாளில் காட்டுவதாக விளம்பரப் பலகைகள். நினைவுப் பொருள் கடையில், காசு எண்ணும் தாடிக்கார யூதரின் படம் விற்பார்கள். வீட்டில் மாட்டினால் செல்வம் சேரும் என்று போலந்துக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை. சனிக்கிழமை தலைகீழாகத் திருப்பி வைத்தால் அவரிடமுள்ள காசு வீட்டுக்குள் கொட்டுமாம். போருக்கு முன் 30 லட்சத்துக்கு மேல் யூதர்கள் வாழ்ந்து, இன்று சில ஆயிரம் பேர் மிஞ்சியிருக்கும் நாட்டில் இந்த வியாபாரம். ஃபைல்காரர் கடைக்காரருக்கு வகுப்பு எடுப்பார். வழிகாட்டிப் பெண் பிறப்பால் கத்தோலிக்கர், யாகெல்லோனியப் பல்கலைக்கழகத்தில் யூதவியல் படித்தவள். மொழிபெயர்க்க வேண்டிய இடத்தில் கீழே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

சாப்பாட்டுக் கடையில் வேறு சண்டை. கலீசிய யூதர்கள் மீனில் சர்க்கரை சேர்ப்பார்கள். லிதுவேனிய யூதர்கள் மிளகு. இவர் கலீசியா, மனைவி லிதுவேனியா. ஐம்பது ஆண்டுத் தாம்பத்தியத்தில் தீராத வழக்கு இது. திராட்சையும் பாதாமும் போட்டு இனிப்பாகக் கெண்டை மீன் மேசைக்கு வரும்போது இவர் வெற்றிப் புன்னகையோடு மனைவியைப் பார்ப்பார். அடுத்த கணம் பரிமாறுகிறவரிடம் “இது கோஷர்தானா?” என்பார். வீட்டில் அவர் யூத உணவு விதிகளைப் பார்ப்பவரே அல்ல. “யூத பாணி, சார்” என்று பதில் வரும். கோஷர் வேறு, பாணி வேறு என்று ஆரம்பிப்பதற்குள் வாத்திய கோஷ்டி வந்து அவரைக் காப்பாற்றும், அதாவது மற்றவர்களை.

ரெமூ ஜெப ஆலயத்தின் கல்லறை மைதானத்தில், 1572இல் மறைந்த ரப்பி மோசே இஸ்ஸெர்லெஸின் சமாதிக்குப் பக்கத்தில், இறந்தவர்களுக்கான கடிஷ் பிரார்த்தனை சொல்லலாம் என்று யாரோ யோசனை சொல்வார்கள். அதற்குப் பத்துப் பேர் வேண்டும். ஆண்கள் ஒன்பது பேர்தான் இருப்பார்கள். பெண்களையும் எண்ணலாமா? சீர்திருத்தப் பிரிவினர் எண்ணலாம் என்பார்கள், வைதீகப் பிரிவினர் கூடாது என்பார்கள், ஃபைல்காரர் இரு தரப்புக்கும் தேவையில்லாத ஆதாரங்களை எடுத்துக் கொடுப்பார். விவாதம் சூடேறும்போது இஸ்ரேலியர்கள் சிலர் உள்ளே வர, அவர்களில் ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து பத்தாவது ஆளாக நிறுத்துவதும் இவர்தான். ஆமென் சொன்னதும் அந்த மனிதரிடம் கேட்கும் முதல் கேள்வி: “உங்கள் பாட்டி எந்த ஊர்?”

இவருடைய பாட்டியின் ஊர் டார்னூஃப் பக்கம், பயணத் திட்டத்தில் இல்லாத ஊர். ஓய்வு நாளில் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு, வழிகாட்டியையும் கெஞ்சி அழைத்துக்கொண்டு போவார். ஜெப ஆலயம் தீயணைப்பு நிலையமாகியிருக்கும். கல்லறைக் கற்கள் பலவற்றைப் போர்க்காலத்தில் ஜெர்மானியர் பெயர்த்துப் பாதை போட்டிருப்பார்கள். மிச்சமிருக்கும் கற்களின் மேல் வைக்க அவர் சொந்த வீட்டுத் தோட்டத்திலிருந்தே கூழாங்கல் கொண்டுவந்திருப்பார். விமான நிலையச் சோதனையில் அந்தப் பையைப் பற்றி விளக்கியதே தனிக்கதை. பிறகு பாட்டி வீடு. உள்ளே இருக்கும் குடும்பம் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். சொத்தைக் கேட்க வந்திருக்கிறார்கள் என்ற பயம் அந்தப் பக்கத்து ஊர்களில் இன்னும் போகவில்லை. இவர் ஃபைலைத் திறந்ததும் பயம் இரட்டிப்பாகும். வாசல் நிலையின் வலப்பக்கம் மெசூசா என்னும் வேதச் சுருள் பதித்த சாய்வான பள்ளம் இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே வந்தார் என்பதை வழிகாட்டி சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரமாகும். பல அடுக்கு வண்ணப் பூச்சுக்கு அடியில் விரல் வைத்தால் தட்டுப்படும். அதன் பிறகு அவர்கள் ஆப்பிள் கேக் தருவார்கள். அவர் கேக்கைத் தின்றுகொண்டே அவர்களுடைய பாட்டியின் பெயரையும் குறித்துக்கொள்வார்.

ஆஷ்விட்ஸில் 27ஆம் கட்டடத்தில் பெயர்களின் புத்தகம் இருக்கிறது, 2013இல் வைத்தார்கள். கொல்லப்பட்டவர்களில் அடையாளம் தெரிந்த லட்சக்கணக்கானவர்களின் பெயர்களை அச்சிட்ட பெரிய பெரிய தாள்கள். பாட்டியின் தங்கையை அவர் அங்கே கண்டுபிடிப்பார். பிறந்த ஆண்டு தவறாக இருக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, இவர் அந்தப் பக்கத்தைக் குறித்துக்கொண்டு, திருத்தம் அனுப்ப என்ன வழி என்று காவலரிடம் கேட்பார். பார்ப்பவர்களுக்கு இது கல்நெஞ்சமாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. அங்கே போட்டோ எடுக்கத் தடை செய்திருக்கும் அறையில் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து வாசலில் போஸ் கொடுப்பவர்களைவிட இவர் எத்தனையோ மேல்.

வார்சாவில் அவருக்கு ஒரு குலதெய்வம் இருக்கிறது: இம்மானுவேல் ரிங்கெல்பிளம். யூதச் சேரியில் அடைபட்டிருந்தபோது ரகசியமாக ஒரு ஆவணக் குழுவை நடத்திய வரலாற்றாசிரியர். நாட்குறிப்பு, ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், மிட்டாய்த் தாள் வரை சேர்த்து, தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்துப் புதைத்தார்கள். ஒரு பகுதி 1946இலும் இன்னொன்று 1950இலும் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தன; மூன்றாவது இன்றுவரை கிடைக்கவில்லை. யூத வரலாற்று நிறுவனத்தில் அந்தப் பால் கேன் முன்னால் நின்று ஃபைல்காரர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்ப்பார். வீட்டு நிலவறையில் கிடக்கும் பழைய காகிதங்களைத் தூக்கிப் போடச் சொல்லி நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் அவர். “மிட்டாய்த் தாள்!” என்பார் இவர். அந்த அம்மாளிடம் பதில் இருக்காது.

கடைசி நாள் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் ஃபைலின் பின்பக்கத்திலிருந்து வெற்றுப் படிவங்களை எடுத்து வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டு வருவார். ஜெருசலேமின் யாத் வாஷெம் நிறுவனம் 1950களிலிருந்து சேர்த்துவரும் சாட்சிப் படிவம் அது: பெயர், பெற்றோர், ஊர், தொழில், இறந்த விதம். உறவினர் எழுதலாம், தெரிந்தவர் எழுதலாம். கொல்லப்பட்ட 60 லட்சம் பேரில் சுமார் 10 லட்சம் பேருக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. கேள்விப்பட்ட ஒரு பெரியம்மா, பெயர் பாதி நினைவிருக்கும் ஒரு தையற்காரர் போதும் என்பார்.

இந்தப் பேருந்தில் போக நேர்ந்தால் காதில் வைக்கப் பஞ்சு கொண்டுபோங்கள், தப்பில்லை. ஆனால் அவர் படிவத்தை நீட்டும்போது கண்ணாடி எடுத்து வரவில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அவரிடம் ஒன்று உபரியாக இருக்கும்.