காக்கா இருக்கிறதே!

ஒன்றரை வயதுப் பேத்தியை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப்போகலாமா? புலி, சிங்கமெல்லாம் அவளுக்குப் புரியுமா?
– வாசகர், தாம்பரம்

தாராளமாக! என் பேரனை வெள்ளைப்புலி முன்னால் தூக்கிப் பிடித்து, 'புலிடா, புலி!' என்று தொண்டை வறளக் கத்தினோம். அவனோ, தன் கையிலிருந்து விழுந்த முறுக்கைக் கொத்த வந்த காக்காவைக் காட்டிக் கைதட்டினான். புலி கொட்டாவி விட்டது.

பேத்திக்குப் புரியாவிட்டாலும் அவசரமில்லை. 1855-ல் சென்னை நகருக்குள் தொடங்கிய இந்தப் பூங்கா வண்டலூர் வந்து சேரவே 130 வருஷம் ஆயிற்று! ஆனால், பரப்பு 602 ஹெக்டேர். இடுப்பில் பிள்ளையோடு நடந்து தீராது. பேட்டரி வண்டியில் ஏறிவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை. அன்றைக்கு வாசலில் காக்காதான் இருக்கும். பேத்திக்கு அதுவே போதும் என்றால், சரி!