டிரைவர் தேவை, தூக்கம் தேவையில்லை

‘டிரைவரே கிடைக்கிறதில்லீங்க.’ நாமக்கல்லில் கேளுங்கள், சங்ககிரியில் கேளுங்கள், லாரி முதலாளிகளின் ஒப்பாரி இதுதான். சரி, புதிதாக ஹெவி லைசென்ஸ் எடுத்த ஒரு பையன் வேலை கேட்டுப் போய் நிற்கட்டும். முதல் கேள்வி, ‘அனுபவம் இருக்கா?’ ஓட்டினால்தான் அனுபவம் வரும். அனுபவம் இருந்தால்தான் ஓட்ட விடுவார்கள். இதற்கிடையில் ஒரு கம்பெனி மட்டும் எதையும் கேட்காமல் சாவியை நீட்டும். அதுதான் அவனுடைய முதல் கம்பெனி. போன டிரைவர் ஏன் போனான் என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

நேர்காணல் ஐந்து நிமிடம். மேசையில் ஒரு நீள நோட்டு, சுவரில் ஆஞ்சநேயர், மூலையில் ரீட்ரெட் டயர்.

‘ஏனுங்க, சம்பளம்...’

‘சம்பளம் கெடக்குது கண்ணு. வண்டிய உன் வண்டியாட்ட நெனச்சு ஓட்டு.’

‘லீவுங்க?’

‘லோடு இல்லாத அன்னிக்கெல்லாம் லீவுதான். ஒரிஜினல் லைசென்ஸக் குடுத்துட்டுப் போ.’

முடிந்தது. நியமன உத்தரவு கிடையாது. பி.எஃப். என்று சொன்னால் ஏதோ கெட்ட வார்த்தை காதில் விழுந்ததுபோல் பார்ப்பார். வண்டிதான் உன் வண்டி. டயர் வெடித்தால் உன் வண்டி. சரக்கு குறைந்தால் உன் வண்டி. ஆன்லைனில் அபராதம் வந்தால் உன் வண்டியேதான். வாடகை வரும்போது மட்டும் முதலாளி வண்டி.

காலி வண்டியில் கற்று, காலி வண்டியில் டெஸ்ட் கொடுத்து லைசென்ஸ் வாங்கியவன் அவன். அவனிடம் கொடுப்பது பத்துச் சக்கர வண்டி, முழு பாரத்தோடு. ‘மைலேஜ் குறைஞ்சா உன் கணக்கு’ என்று ஒரு வாழ்த்தும் சேர்த்து. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கி, பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் கார்களை நசுக்கும் லாரிகளைப் பற்றி வருஷா வருஷம் படிக்கிறோம். ‘டிரைவரின் அலட்சியம்’ என்று செய்தி போடுகிறார்கள். அந்த இறக்கத்தில் மிச்சமான டீசல் யார் பையில் விழுகிறது என்று எந்தச் செய்தியும் போடுவதில்லை.

சட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று 1961-லேயே போட்டார்கள். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. படித்தால் கண்ணில் நீர் வரும். கூடவே ஒரு ஓட்டை: ஐந்து தொழிலாளருக்குக் குறைவான நிறுவனத்துக்கு அது பொருந்தாது என்று வைத்தார்கள். எனவே ஒரு லாரி அப்பா பெயரில், ஒன்று மனைவி பெயரில், ஒன்று மச்சான் பெயரில். டிரான்ஸ்போர்ட் பெரியது. சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் பொடி. பிறகு 2020-ல் நிறைவேற்றிய ஒரு பெரிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அந்தச் சட்டத்தையும் போட்டு மூடினார்கள்.

2018-ல் மத்திய அரசுக்கு லாரி ஞாபகம் வந்தது. பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்றிருந்த விதியும் அதே ஆண்டு போனது. பாரத்தைக் கூட்டு, ஆளைக் குறை. கிளீனரை முதலாளிகள் எப்போதோ கழித்துக்கட்டிவிட்டார்கள். இப்போது கேபினில் பேச்சுத் துணைக்கு மிச்சம் இருப்பது ஜி.பி.எஸ். கருவி. அதுவும் முதலாளியிடம் கோள்மூட்டத்தான்.

பாவம் பார்த்து 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏ.சி. கேபினைக் கட்டாயமாக்கினார்கள். நல்லது. புதுப் பையனுக்குப் புது வண்டியை எந்த முதலாளி கொடுக்கிறார்? அவனுக்கு வாய்ப்பது கதவைக் கயிற்றால் கட்டிய பழைய வண்டி. ஏ.சி.யா? கண்ணாடியை இறக்கினால் காற்று வரும், இறங்கினால்.

தண்டனைக்கு வந்தால்தான் அரசாங்கத்தின் சுறுசுறுப்பைப் பார்க்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவில் 106(2) என்று ஒரு பிரிவு. அலட்சியமாக ஓட்டிய விபத்தில் உயிர் போய், தகவல் சொல்லாமல் ஓடினால் டிரைவருக்கு 10 ஆண்டுவரை சிறை. அதை எதிர்த்து 2024 ஜனவரியில் லாரிகள் நின்றன, பெட்ரோல் பங்கில் வரிசை நீண்டது, பிரிவைக் கிடப்பில் போட்டார்கள். செத்தவனை விட்டுவிட்டு ஓடுவது அயோக்கியத்தனம், அதில் சந்தேகமில்லை. இரண்டு இரவு தூங்காதவனை ‘காலைக்குள்ள லோடு இறங்கணும்’ என்று போனில் விரட்டியவருக்கு எத்தனை ஆண்டு? அந்தப் பிரிவில் அவர் இல்லவே இல்லை. அந்த லாரிக்கு எதிரே வரும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது நாம்.

தம்பி, ஒரிஜினல் லைசென்ஸைக் கேட்கும் கம்பெனியிலிருந்து எழுந்து வந்துவிடு. பேட்டா எவ்வளவு, ஓவர்லோடு அபராதம் யார் தலையில் என்று ஏறுவதற்கு முன்பே பேசு. அந்தக் கம்பெனியில் ஓட்டியவன் யாராவது பக்கத்து டீக்கடையில் இருப்பான். கடைசி மாதக் கணக்கை முடித்துக் கொடுத்தார்களா என்று அவனிடம் கேள். முதலாளி உன் அனுபவத்தைக் கேட்கிறார் அல்லவா? நீயும் கேள், போன வருஷம் அவரிடம் எத்தனை டிரைவர் மாறினார்கள் என்று.