இருக்கட்டுமே அண்ணா

மூன்றாம் மாடியில் யாரோ ஒருவர் காலையில் வந்து லேப்டாப்பில் நெட்வொர்க் கேபிளைச் செருகுகிறார். என் கைபேசி துள்ளுகிறது: லிங்க் அப். மீட்டிங்குக்குப் போகக் கேபிளைப் பிடுங்குகிறார்: லிங்க் டவுன். திரும்பி வந்ததும் மறுபடி அப். அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அவர் எத்தனை மணிக்கு ஆபீஸை விட்டுக் கிளம்பினார் என்பது அவர் மனைவிக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

எல்லாம் எங்கள் நெட்வொர்க் டீம் அண்ணாவின் கைங்கரியம். புது ஸ்விட்ச் வந்தால் ஐபி முகவரி கொடுத்த கையோடு 'எஸ்என்எம்பி-சர்வர் எனேபிள் ட்ராப்ஸ்' என்று தட்டிவிடுவார். ட்ராப் என்றால் கருவி தானாகவே அனுப்பும் தகவல்; எந்த ட்ராப் வேண்டும் என்று அந்த வரியிலேயே பெயர் சொல்லலாம். சொல்ல மாட்டார். சொல்லாவிட்டால் அந்தப் பெட்டிக்குத் தெரிந்த வகை மொத்தமும் கிளம்பி வரும். கான்ஃபிகை யாராவது தொட்டால் ஒரு ட்ராப். தொட்டவர் பெரும்பாலும் அண்ணாவேதான். பிரிண்டர்களையும் விட்டுவைக்கவில்லை; டோனர் குறைந்தால் நள்ளிரவானாலும் எனக்குத் தகவல் வந்துவிடும்.

"அண்ணா, லேப்டாப் போர்ட்டுக்கு மட்டுமாவது நிறுத்திடலாமே? 'நோ எஸ்என்எம்பி ட்ராப் லிங்க்-ஸ்டேட்டஸ்', ஒரே வரி."

"இருக்கட்டுமே தம்பி. என்னைக்காவது தேவைப்படும்."

காலி பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைப்பவர்களின் குரல் அது. அதோடு வாதாட முடியாது.

சனிக்கிழமை ராத்திரிகளில் எங்கள் செக்யூரிட்டி டீமின் ஸ்கேனர் ஒவ்வொரு கருவியிடமும் போய் 'பப்ளிக்' என்று சொல்லிப் பார்க்கும், ஊருக்கே தெரிந்த அந்தக் கம்யூனிட்டி பெயரை எங்காவது மாற்றாமல் விட்டிருக்கிறார்களா என்று. அத்தனை கருவிகளும் 'ஆத்தென்டிகேஷன் ஃபெயிலியர்' என்று ஒரே நேரத்தில் அலறும். தட்டியது நம் ஆள்தான் என்று அண்ணாவுக்கும் தெரியும். இருக்கட்டுமே.

லிங்க் டவுன் என்று திறந்த அலெர்ட்டை, அதே போர்ட்டிலிருந்து லிங்க் அப் வந்தால்தான் மானிட்டரிங் மூடும். கழற்றி ஸ்கிராப்புக்குப் போய்விட்ட ஒரு ஸ்விட்ச் இன்னும் எங்கள் திரையில் சிவப்பாக நிற்கிறது. அதை யாராவது உருக்கிக் கம்பியாக இழுத்திருப்பார்கள். அண்ணா அது எழுந்து வரக் காத்திருக்கிறார்.

மனுஷன் விஷயம் தெரியாதவர் இல்லை. எம்ஐபி கோப்பு இல்லாமல் வெறும் எண்ணாக ட்ராப் வந்து நின்றால் நாங்கள் கூகுளைத் திறப்போம். அவர் எங்கள் தோளுக்குப் பின்னால் நின்று ஒரு பார்வை பார்ப்பார். 1.3.6.1.6.3.1.1.5.3 என்றால் லிங்க் டவுன், கடைசி 3 இருக்கும் இடத்தில் 4 இருந்தால் அப், 1.3.6.1.4.1.9 என்று தொடங்கினால் சிஸ்கோ சமாச்சாரம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு டீ வாங்கிக் கொடுத்து இதையெல்லாம் சொல்லித் தருவார். ஒருவரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. அவர் மேல் கோபப்படுவதே கஷ்டம்.

ஆனாலும் கோபம் வருகிறது. டீமில் எல்லோரும் அவருடைய அலெர்ட் மெயில்களைக் கண்ணில் படாத ஒரு ஃபோல்டருக்குத் தள்ளிவிட விதி எழுதிவைத்திருக்கிறார்கள். யுபிஎஸ் பேட்டரிக்கு மாறிவிட்டது என்ற ட்ராப்பும் அதே ஃபோல்டருக்குள்தான் போய் விழுகிறது, லேப்டாப்புகளுக்கும் டோனருக்கும் நடுவில்.

இத்தனைக்கும் ட்ராப் வந்து சேரும் என்பதற்கே உத்தரவாதம் கிடையாது. யூடிபியில் 162-ஆம் போர்ட்டுக்கு வீசியெறிவதோடு கருவியின் வேலை முடிந்தது. போய்ச் சேர்ந்ததா என்று அது கேட்காது. கேட்டு உறுதி செய்துகொள்ளும் 'இன்ஃபார்ம்' எஸ்என்எம்பியின் இரண்டாம் வெர்ஷனிலிருந்தே இருக்கிறது. அண்ணா அதைத் தொட்டதில்லை. கருவிகளின் நிலையைப் பிரதானமாக நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், ட்ராப் எங்கே பார்ப்பது என்று காட்டக் கொஞ்சமாக இருந்தால் போதும் என்று 1990-இல் வந்த ஆர்எஃப்சி 1157-லேயே எழுதியிருக்கிறது. அதுவும் அவருக்கு மனப்பாடம்தான்.

போன மாதம் ஒரு கிளை அலுவலகத்தின் ஒரே அப்லிங்க் அறுந்தது. அறுந்த செய்தியும் அந்த அப்லிங்க் வழியாகத்தான் வர வேண்டும். எப்படி வரும்? கிளை மேனேஜர் போன் செய்து, "ஒரு மணி நேரமா நெட் இல்ல சார்" என்றார். அண்ணா திரையைப் பார்த்தார்.

"ட்ராப் எதுவும் வரலையே. லிங்க் நல்லாத்தான் இருக்கு."

அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நாமே கருவியிடம் 161-ஆம் போர்ட்டில் போய் விசாரித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்குமே என்று கேட்டேன். பதறிப்போய்விட்டார்.

"சும்மா சும்மா போய்க் கேட்டா நெட்வொர்க்குக்கு லோடு தம்பி!"