கார்க்கொட்டகையில் அலுவலறை: ஆனேக்கல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கொட்டகை என்பது வீட்டுக்கு உரியது, ஆனால் வீட்டோடு சேராதது. இந்த இலக்கணத்தை முதலில் நிறுவிக்கொள்ள வேண்டும். போர்டிகோவில் நிற்கும் கார் வீட்டின் பகுதி. தெருவில் நிற்கும் கார் பக்கத்து வீட்டுக்காரரின் மனக்குறை. மனையின் ஒரு மூலையில் மூன்று பக்கம் சாலிட் பிளாக் சுவர் எழுப்பி, மேலே ஜிஐ ஷீட் போட்டு, முன்னால் ஷட்டர் மாட்டிய இடத்தில் நிற்கும் காரே இவ்வாய்வுக்கு உரியது. முப்பதுக்கு நாற்பது மனைக்காரர்கள் இங்கேயே விடைபெறலாம். அவர்களுடைய அலுவலறை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அது தனி ஆய்வு.

பெங்களூருவை ஒட்டிய ஆனேக்கல் வட்டத்தை ஆய்வுக்களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. ஒரு பக்கம் அத்திப்பள்ளி வழியாகத் தமிழ்நாட்டு எல்லை. இன்னொரு பக்கம் பன்னேர்கட்டா காடு, அவ்வப்போது ராகி வயலைப் பார்வையிட இறங்கி வரும் யானைகள். நடுவில் பொம்மசந்திராவும் ஜிகணியுமாகத் தொழிற்பேட்டைகள். கூப்பிடு தூரத்தில் எலெக்ட்ரானிக் சிட்டி. கொஞ்சம் அகலமாக மனை வாங்கியவனும் கணினியில் பிழைப்பவனும் ஒரே ஆளாக இருப்பது இத்தகைய நிலத்தில்தான் சாத்தியம்.

இத்துறையின் மூலத்தலம் கலிபோர்னியா. பாலோ ஆல்ட்டோ நகரில் அடிசன் அவென்யூ 367ஆம் எண் வீட்டின் பின்னால் 12 அடிக்கு 18 அடியில் தனியாக நிற்கும் கொட்டகையில், 1938இல் பில் ஹ்யூலெட்டும் டேவிட் பேக்கார்டும் வேலையைத் தொடங்கினார்கள். போட்ட முதல் 538 டாலர். நிறுவனத்தின் பெயரில் யார் பெயர் முன்னால் வருவது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள். 1989இல் கலிபோர்னிய அரசு அந்தக் கொட்டகையைச் சிலிக்கான் பள்ளத்தாக்கின் பிறப்பிடம் என்று அறிவித்தது. பேக்கார்டு கிழக்குக் கரையிலிருந்து வரும்போது ஒரு பழைய துளையிடும் எந்திரத்தைக் காரின் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். அவரிடம் கார் இருந்தது என்பது இதனால் பெறப்படும். கொட்டகைக்குள் எந்திரம் போன பிறகு அந்தக் கார் எங்கே நின்றது என்பது இதனால் பெறப்படாது. ஆப்பிள் நிறுவனத்தின் கொட்டகையையோ சான்றாகக் காட்டவே முடியாது. அது ஓரளவு கட்டுக்கதை என்று அந்நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக்கே 2014இல் சொல்லிவிட்டார்.

அமெரிக்கர் முழுக் கொட்டகையையும் எடுத்துக்கொண்டனர். நம்மவர் பாதியோடு நிறுத்திக்கொண்டனர். அஃது என்னை எனின், காரை வெயிலில் நிறுத்திவிட்டு மகன் நிழலில் உட்காருவதை எந்தத் தகப்பனாரும் ஒப்புவதில்லை. காருக்கு இன்னும் தவணை பாக்கி இருக்கிறது. மகனுக்கு அப்படி எதுவும் இல்லை.

எனவே கேள்வி இதுதான்: காருக்குப் போக மனிதனுக்கு எவ்வளவு மிஞ்சும்? இதற்கான விடையை வகுத்தவர் ஒரு தமிழர் என்பது இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு. 2006 பிப்ரவரி பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனைகளில் ஒன்று. அன்றிலிருந்து கார் கம்பெனிகள் மூக்கையும் வாலையும் வெட்டி வெட்டி 3,995 மில்லிமீட்டரில் வண்டியை நிறுத்தின. ஐந்து மில்லிமீட்டர் மரியாதைக்கு.

வழக்கமான கொட்டகை 20 அடி நீளம். அதாவது 6,096 மில்லிமீட்டர். காரைக் கழித்தால் மிஞ்சுவது 6 அடி 10 அங்குலம் சொச்சம். நடுவில் எழுப்பும் நாலு அங்குல பிளாக் சுவருக்கும், வண்டி முட்டாமல் இருக்க ஓர் அடி இடைவெளிக்கும் போக, மனிதனுக்கு ஐந்தரை அடி. அகலம் பத்து அடி என்றால் மொத்தம் 55 சதுர அடி. ஹ்யூலெட்டும் பேக்கார்டும் வைத்திருந்த 216 சதுர அடியில் ஏறக்குறைய கால் பங்கு. சிவகங்கைக்காரர் டெல்லியில் போட்ட ஒரு கோடு ஆனேக்கலில் ஒரு மென்பொறியாளரின் முழங்காலில் வந்து இடிக்கிறது. அந்த வரிச்சலுகை இல்லாமல் எல்லோரும் பெரிய கார் வாங்கியிருந்தால் அலுவலறை என்ற பேச்சே எழுந்திருக்காது. நிதியமைச்சகத்தின் சாதனைப் பட்டியலில் இதைச் சேர்க்காதது வருந்தத்தக்கது.

அடுத்தது வாட்டம். கொட்டகைத் தரையை எந்த மேஸ்திரியும் மட்டமாகப் போடமாட்டார். வண்டி கழுவிய தண்ணீர் வாசலுக்கு ஓட வேண்டுமென்று அடிக்கு அரைக்கால் அங்குலமாவது வாட்டம் கொடுத்திருப்பார். காருக்கு ஹேண்ட்பிரேக் இருப்பதால் இது தெரிவதில்லை. அலுவலக நாற்காலிக்கு ஐந்து சக்கரம் உண்டு, பிரேக் கிடையாது. மேலாளர் காலாண்டுக் கணக்கைப் படிக்கத் தொடங்கும்போது திரையின் நடுவில் இருந்த மனிதர், வருவாயைத் தாண்டிச் செலவுக்கு வருவதற்குள் ஓரத்துக்குப் போயிருப்பார். கேள்வி-பதில் நேரத்தில் ஒரு காது மட்டும் தெரியும். தரைக்குத் தளம் போட்டு மட்டம் எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் மேஸ்திரியிடம் போனால், "அது ஏன் சார் மட்டம்? நாளைக்கே திரும்ப வண்டி விடணும்னா வாட்டம் வேணாமா?" என்பார். இந்த வாக்கியத்தில் தீர்க்கதரிசனம் உண்டு. பின்னால் வருவோம்.

வாஸ்து குறித்தும் சொல்லியாக வேண்டும். சாத்திரக்காரர்கள் கார் நிறுத்த வடமேற்கைப் பரிந்துரைக்கிறார்கள். அது வாயு மூலை. அங்கே வைப்பது எதுவும் நிலைக்காது, நகர்ந்துகொண்டே இருக்கும் என்பது கொள்கை. வண்டிக்கும் விருந்தாளிக்கும் அது பொருத்தம். இப்போது அதே மூலையில் வீட்டின் சம்பாத்தியக்காரரை உட்காரவைத்தால் வேலை நிலைக்குமா என்று பெரியவர்கள் கவலைப்படுவது நியாயம். இளைய தரப்பு இதை மறுக்கவில்லை, வரவேற்கிறது. இந்தத் தொழிலில் ஒரே இடத்தில் நிலைத்தவனுக்குக் கிடைப்பது கைதட்டல். நகர்ந்தவனுக்குத்தான் சம்பள உயர்வு. சாத்திரமும் சந்தையும் இவ்வளவு பொருந்திப்போன இடம் வேறு இல்லை.

தொல்காப்பியத்தின் ஐந்திணை முறைப்படி இதை ஆறாவது திணையாக வகுக்கலாமா என்று கேட்கலாம். தாராளமாக வகுக்கலாம். பெரும்பொழுது 2020 மார்ச் 24 இரவு தொடங்கிய ஊரடங்குக் காலம். சிறுபொழுது மாலை ஆறரை முதல் அமெரிக்கர் மதிய உணவுக்கு எழும்வரை. மா, பெருச்சாளி. மரம், வேலிக்கு அப்பாலுள்ள நீலகிரி. உணா, வீட்டிலிருந்து கொட்டகை வரும் முப்பதடித் தூரத்துக்குள் ஆறிவிடும் டீ. "டேய் கண்ணா, எத்தனை தரம் கூப்பிடறது" என்று சமையலறை ஜன்னலிலிருந்து வரும் குரலையும், அதைக் கேட்டுவிட்டு நியூ ஜெர்சிக்காரர் கண்ணா என்பது யார் என்று விசாரிப்பதையும் இதில் அடக்கலாம்.

ஆனால் இத்திணையின் உயிர்நாடி பறைதான். ஏப்ரல், மே மாத மாலைகளில் பெங்களூரு வட்டாரத்தில் ஆலங்கட்டி மழை பெய்யும். ஜிஐ ஷீட்டின் மேல் ஆலங்கட்டி விழும் ஓசையை முன்னறியாதவருக்கு விளக்குவது கடினம். மறுமுனையில் இருப்பவர்கள் முதலில் இணைப்புக் கோளாறு என்று நினைக்கிறார்கள், பிறகு கலவரம் என்று நினைக்கிறார்கள். தெர்மோகோல் ஒட்டிப் பார்த்தவர்கள் உண்டு. சூடு கொஞ்சம் குறைந்தது, சத்தம் குறையவில்லை, பெருச்சாளிக்கு மெத்தை கிடைத்தது. நடுவே நுரை வைத்த பஃப் ஷீட் போட்டால் இரண்டுக்கும் ஓரளவு மருந்து. அதன் விலையைக் கேட்ட பிறகு பலரும் மழையை ரசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

இங்கே ஆய்வாளன் சிரிப்பை ஒதுக்கிவைத்துச் சொல்லவேண்டியவை இரண்டு. நடுச்சுவரை ஆள் உயரத்தோடு நிறுத்தாமல் ஷீட் வரை கொண்டுபோய், ஷீட்டின் அலைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்துகளையும் அடைக்க வேண்டும். அறைக் கதவைக் கார் பக்கம் வைக்காமல் தோட்டத்துப் பக்கம் வைக்க வேண்டும். வண்டியைக் கிளப்பி வைத்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மற்றது, ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் நம் பழக்கம். விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசி வைத்தால் 4 சதுர மில்லிமீட்டர் வயர் என்று தனி லைன் இழுத்து, மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் மாட்டிவிட வேண்டும். வைஃபை இரண்டு சுவர் தாண்டி வந்து களைத்துப்போகும். வீட்டிலிருந்து குழாய்க்குள் ஒரு நெட்வொர்க் கேபிள் போடுங்கள், நூறு மீட்டர் வரை அது தாங்கும். மேசைக்கு மரம் தேடி அலையவேண்டாம். ஜிகணியின் கிரானைட் பட்டறைகளில் வெட்டி மிஞ்சிய பலகை கிடைக்கும். அதை ஒருமுறை வைத்துவிட்டால், நாற்காலி எங்கே போனாலும், மேசை நகராது.

இனி முடிவுகள். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர் மஞ்சள் மெட்ரோ ஓடத்தொடங்கியது. அதற்கு முன்பே கம்பெனிகள் வாரத்தில் மூன்று நாள் வந்து முகம் காட்டச் சொல்லிவிட்டன. அலுவலறை வாரத்தில் பாதி நாள் சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் இடத்தைச் சும்மா விடும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. முதலில் கொலுப்படி வந்தது, "நவராத்திரி வரைக்கும்தான்" என்ற உறுதிமொழியோடு. பின் ஓடாத கிரைண்டர், காற்றிறங்கிய சைக்கிள், யாருடையதென்று யாருக்கும் தெரியாத தகரப் பெட்டி. இவையெல்லாம் புதிதாக வந்தவை அல்ல. அறை கட்டும்போது வெளியேற்றப்பட்டவையே. கொட்டகையின் பட்டா சாமான்களின் பெயரில் இருக்கிறது. காரும் மனிதனும் வாடகைக்கு இருந்து பார்த்தவர்கள். மேஸ்திரி இதை அன்றே அறிந்திருந்தார்.

எனவே கொட்டகையைப் பாதியாகப் பிரிக்க எண்ணும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். காரை உள்ளே விட்டு, நான்கு கதவையும் திறந்து பார்த்து, சுவர் வரவேண்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு கொட்டகையில் இருக்கும் சாமானையெல்லாம் வெளியே எடுத்து முற்றத்தில் அடுக்கி, அதையும் அளந்துகொள்ளுங்கள். அதற்கு ஓர் இடம் சொல்லிவிட்டு மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.